தனுஷ்கோடி மணலில் மூன்று சுற்று

மதினி,

இன்று காலை பள்ளிக்குக் கிளம்பி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் தெரு மேட்டில் ஒரு டிரைவிங் ஸ்கூல் கார் நின்றுவிட்டது. ஓட்டியது கல்லூரிப் பெண் ஒருத்தி. கிளட்சை விடுவதும் வண்டி குலுங்கி அணைவதுமாக நான்கு தடவை நடந்தது. பின்னால் ஆட்டோக்காரர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. ஐந்தாவது தடவை கார் மேட்டில் ஏறிப் போய்விட்டது. ஆனால் அது போன பிறகும் தெருவில் ஒரு வாடை நின்றது. கிளட்ச் பிளேட் கருகிய வாடை. தொண்டையில் போய் ஒட்டிக்கொள்ளுமே, அந்த வாடை. அதை இதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் அவ்வளவு பக்கத்திலிருந்து முகர்ந்திருக்கிறேன். அன்று நீங்கள் சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் நின்றீர்கள்.

முதல் மணியை விட்டுவிட்டேன். தலைமையாசிரியை முகத்தைச் சுளித்தார். பரவாயில்லை. மத்தியானச் சோற்றைக்கூடப் பிரிக்காமல் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உங்கள் முப்பதாம் நாள் பூசை முடிந்து இரண்டு வாரம் ஆகிறது. அன்று வீட்டில் நடந்ததை உங்களிடம் சொல்லியாக வேண்டும். அதற்கு முன்னால் அந்த ஜீப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் நடந்ததை நடந்தபடி அந்த முப்பதாம் நாள் வரை, பன்னிரண்டு வருடமாக, நான் ஒருவரிடமும் சொன்னதில்லை.

கடல் பார்க்க வேண்டும் என்று அண்ணனிடம் நீங்கள் கேட்டது கல்யாணமான வருடம். அண்ணன் கூட்டிப்போனது எட்டாவது வருடம். நடுவில் ஏழு கோடை போயிற்று. கோடையில்தான் கிணறு வற்றும், கிணறு வற்றினால்தான் பம்புசெட் மோட்டார் கருகும், மோட்டார் கருகினால்தான் அண்ணன் கடைக்கு வேலை. குஜிலியம்பாறைப் பக்கத்து மானாவாரிக் காட்டிலிருந்து வந்த உங்களுக்கு அது புரியாமல் இல்லை. நீங்கள் இரண்டாவது தடவை கேட்கவே இல்லை. கடைசியில் ஒரு கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள், யார் சொல்லி மனம் மாறினாரோ, அண்ணன் கடையைப் பூட்டிவிட்டு வந்து நாலு நாளைக்குத் துணி எடுத்து வைக்கச் சொன்னார். அண்ணன், நீங்கள், ஏழு வயது ஜெனி. எனக்கும் பள்ளி விடுமுறை என்பதால் நானும் தொற்றிக்கொண்டேன். எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இராமேஸ்வரத்தில் முதல் நாள் நீங்கள் கரையிலேயே நின்றீர்கள். அலை வந்து காலைத் தொடுவதும் நீங்கள் ஒரு எட்டு பின்னால் போவதுமாக ஒரு மணி நேரம். இம்புட்டுத் தண்ணியையும் வச்சுக்கிட்டு நம்ம ஊருக்கு ஒரு மழை குடுக்க மாட்டேங்குதே என்றீர்கள். அண்ணன் சிரித்தார். மறுநாள் தனுஷ்கோடி போவது என்று அவர்தான் முடிவு செய்தார்.

அப்போது அங்கே தார்ச்சாலை கிடையாது. கடைசிச் சத்திரத்தோடு ரோடு தீர்ந்துவிடும். அதற்கு அப்பால் மணலும் தண்ணீரும்தான். அங்கே கூரைத்துணி கிழிந்த ஒரு ஜீப் நின்றது. டிரைவர் பெயர் முனியசாமி. ஐம்பது வயதிருக்கும், கைலியை மடித்துக் கட்டியிருந்தார். கிளம்பும் முன் நான்கு டயரிலும் காற்றைக் கொஞ்சம் பிடுங்கிவிட்டார். அண்ணன் பதறிப்போய் ஏன் என்று கேட்டதற்கு, காற்று கம்மியாக இருந்தால்தான் டயர் அகலும், அகன்றால்தான் மணலில் மிதக்கும் என்றார். அதைக் கேட்டு நீங்கள் தலையை ஆட்டினீர்கள். உங்களுக்கு முன்பே தெரிந்த விஷயத்துக்கு ஆட்டுவது போல இருந்தது. நான் அதைப் பார்த்தேன், ஆனால் யோசிக்கவில்லை.

வண்டி மணலில் இறங்கியது. ரோடு என்று ஒன்றும் இல்லை. முந்தைய நாள் போன வண்டிகளின் தடம்தான். அந்தத் தடத்தையும் பாதி இடத்தில் தண்ணீர் அழித்திருந்தது. ஒரு பக்கம் சாயும், கதவில்லாத அந்தப் பக்கத்தில் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்துவேன். அடுத்த நிமிடம் மறுபக்கம் சாயும், ஜெனி கத்துவாள். தண்ணீருக்குள் இறங்கும்போது இரண்டு பக்கமும் இறக்கை விரித்த மாதிரித் தெறித்தது. உப்புத் தண்ணீர் வாயிலும் கண்ணிலும் அடித்தது. ஜெனி இன்னும், இன்னும் என்றாள். தெற்கே ஆண்கடல், வடக்கே பெண்கடல் என்று முனியசாமி காட்டினார். மற்ற மாதங்களில் பெண்கடல் குளம் மாதிரிக் கிடக்குமாம். வாடைக்காற்று அடிக்கும் மார்கழியில் அதை நம்பக்கூடாதாம், தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருக்குமாம். அவர் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வண்டி நின்றது.

நின்றதா, அமிழ்ந்ததா என்று கேட்டால் அமிழ்ந்தது என்பேன். மேலே கெட்டியாகத் தெரிந்தது, அடியில் சேறு. இரண்டு பின்சக்கரமும் பாதிக்கு மேல் உள்ளே போய்விட்டன. முனியசாமி இறங்கிப் பார்த்துவிட்டு வடக்கே கடலைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது. தண்ணீர் ஏறிக்கொண்டு வருகிறது, இன்ஜினுக்குள் போய்விட்டால் வண்டி அவ்வளவுதான் என்றார். சுற்றிலும் வேறு வண்டி இல்லை. பின்னால் சத்திரமும் தெரியவில்லை, முன்னால் ஊரும் தெரியவில்லை.

அவர் எப்போதும் வண்டியிலேயே பனை ஓலைக் கட்டு வைத்திருப்பார். சக்கரத்துக்கு அடியில் ஓலையைக் கொடுத்துத் தள்ள வேண்டும். எங்கே கொடுப்பது, எப்போது தள்ளுவது என்பது அவருக்குத்தான் தெரியும். அதனால் வேறு யாராவது உட்கார்ந்து கிளட்சைப் பார்த்து விட வேண்டும். அண்ணன், எனக்குத் தெரியும் என்று ஏறி உட்கார்ந்தார். சிநேகிதர் காரை இரண்டு தடவை ஓட்டியிருக்கிறார், அவ்வளவுதான். முதல் தடவை வண்டி குலுங்கி அணைந்தது. இரண்டாவது தடவை சக்கரம் சுற்றி இன்னும் ஒரு சாண் தோண்டியது. மூன்றாவது தடவை அந்த வாடை வந்தது. முனியசாமி பின்னாலிருந்து, அண்ணாச்சி, போதும், போதும் என்றார். அண்ணன் விடவில்லை. அவர் கழுத்து சிவந்துவிட்டது. நாலாவது தடவையும் அதேதான்.

நீங்கள் தண்ணீரில் நின்றபடி சக்கரத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு நிமிர்ந்து, அண்ணன் பக்கம் போய் மெதுவாகக் கேட்டீர்கள்.

"என்னங்க, நான் வேணா எடுத்துப் பாக்கவா?"

"நீ புள்ளையப் பாரு" என்றார் அண்ணன்.

முனியசாமி உங்களையே பார்த்தார். "தாயி, ஓட்டத் தெரியுமா?"

"எங்க வீட்டு டிராக்டர்ல உழுதிருக்கேன். செவக்காட்டுல மழைக்குப் பொறவு டயர் பொதைஞ்சா நாந்தான் எடுப்பேன்."

எட்டு வருடம் உங்களோடு ஒரே வீட்டில் இருந்தவள் நான். உங்களோடு ஒரே அம்மியில் அரைத்தவள். அந்த வார்த்தையை அன்றுதான் முதல்முதலாகக் கேட்டேன். அண்ணனும் அன்றுதான் கேட்டார் என்று அவர் திரும்பிப் பார்த்த பார்வையில் தெரிந்தது. அவர் இறங்கினார். தண்ணீர் அவர் முழங்காலைத் தொட்டது. ஜெனிக்கு அது இடுப்பு ஆழம் என்பதால் அவளையும் என்னையும் பின்சீட்டிலேயே உட்காரச் சொல்லிவிட்டார் முனியசாமி. உங்களிடம் ஒன்றுதான் சொன்னார்: எடுத்தால் நிறுத்தக் கூடாது. கெட்டி மணல் வருகிற வரைக்கும், யார் கூப்பிட்டாலும் போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

நீங்கள் ஏறி உட்கார்ந்து சீட்டை முன்னால் இழுத்தீர்கள். கியரைக் கையால் தடவிப் பார்த்து ஒரு முறை முன்னும் பின்னும் போட்டீர்கள். செருப்பைக் கழற்றி என்னிடம் கொடுத்தீர்கள். பின்னால் முனியசாமியும் அண்ணனும் தோள் கொடுத்தார்கள். நீங்கள் ஆக்சிலேட்டரை மிதிக்கவே இல்லை போலிருந்தது. இன்ஜின் முனகியது. வண்டி ஒரு விரற்கடை முன்னால் போனது, பின்னால் வந்தது. மறுபடியும் முன்னால், பின்னால். தொட்டிலை ஆட்டுகிற மாதிரி நாலைந்து தடவை ஆட்டினீர்கள். பிறகு உங்கள் வெறுங்கால் ஒரே அழுத்தாக அழுத்தியது. ஓலை நொறுங்கும் சத்தம் கேட்டது. வண்டி சேற்றை உதறிக்கொண்டு எழுந்துவிட்டது.

மதினி, அதை எப்படி எழுதுவது? பின்னால் திரும்பிப் பார்த்தால் அண்ணன் தண்ணீரில் முகங்குப்புற விழுந்து எழுந்துகொண்டிருக்கிறார். முனியசாமி இரண்டு கையையும் ஆட்டி, போங்க, போங்க என்கிறார். அண்ணன் எழுந்து, நில்லு, நில்லு என்று ஓடி வருகிறார். நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனோம். ஒரு மேட்டில் ஏறியபோது நான்கு சக்கரமும் ஒரு நொடி தரையில் இல்லை. நானும் ஜெனியும் கூரைக்கம்பியில் தலையை இடித்துக்கொண்டு சீட்டில் விழுந்தோம். நான் நிப்பாட்டுங்க மதினி, நிப்பாட்டுங்க என்று அலறினேன். அந்த மேட்டுக்கு அப்பால் இரண்டு ஆண்களும் மறைந்துபோனார்கள்.

கெட்டி மணல் வந்தது. எனக்கே தெரிந்தது, வண்டி ஆடுவது நின்று, டயர் தரையில் ஓடும் சத்தம் மாறிவிட்டது. நீங்கள் நிறுத்தவில்லை. புயலில் இடிந்த பழைய கிறிஸ்தவக் கோயில், கூரையில்லாத சுவர்களோடு எதிரே நின்றது. நேராக அதை நோக்கிப் போனீர்கள். நிறுத்தப் போகிறீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் ஸ்டியரிங்கை வளைத்து அதைச் சுற்றினீர்கள்.

முதல் சுற்றில் நான் அலறிக்கொண்டிருந்தேன். பீடம் இருந்த பக்கச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த கடற்பறவைகள் மொத்தமாக எழுந்து நம் தலைக்கு மேலே பறந்தன. இரண்டாவது சுற்றில் நீங்கள் சிரிக்க ஆரம்பித்தீர்கள். வீட்டில் நீங்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டுதான் சிரிப்பீர்கள். இப்போது இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தது. வாய் முழுக்கத் திறந்து, அவிழ்ந்த கூந்தல் வாய்க்குள் போக, அதைத் துப்பிவிட்டு மறுபடியும் சிரித்தீர்கள். மேல்வரிசையில் உங்களுக்கு ஒரு தெற்றுப்பல் இருப்பதை அன்றுதான் நன்றாகப் பார்த்தேன். எப்போது நானும் சிரிக்க ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. மூன்றாவது சுற்று போகச் சொன்னது நான்தான்.

"இன்னொன்னு போங்க மதினி" என்றேன்.

"கெட்டியாப் பிடிச்சுக்க புள்ள" என்றீர்கள்.

அரை மணி நேரம் கழித்து அண்ணனும் முனியசாமியும் நடந்து வந்து சேர்ந்தார்கள். நீங்கள் அதற்குள் கூந்தலை முடிந்து, சேலையை இறக்கிவிட்டு, சுவர் நிழலில் ஜெனியின் கண்ணிலிருந்து மணலை ஊதி எடுத்துக்கொண்டிருந்தீர்கள். அண்ணனுக்குக் கோபம் என்றுதான் நான் நினைத்தேன். மேட்டுக்கு அப்பால் வண்டி மறைந்ததும் கடலுக்குள் போய்விட்டது என்று பயந்திருக்கிறார். ஜெனியைத் தொட்டுப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு அடங்கிய பிறகுதான் கேட்டார்.

"ஒனக்கு ஓட்டத் தெரியும்னு என்கிட்டச் சொல்லவே இல்லையே."

"பொண்ணு பாக்க வந்தப்ப தையல் தெரியுமான்னு கேட்டாக. தெரியும்னேன்" என்றீர்கள்.

முனியசாமி மட்டும் சிரித்தார். வண்டியைச் சுற்றி நடந்து டயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, அங்கே ஒரு குடிசையில் மீன்குழம்புச் சோறு வாங்கித் தந்தார். அண்ணன் தலை நிமிராமல் சாப்பிட்டார். திரும்பும்போது முனியசாமி உங்களையே ஓட்டச் சொன்னார். நீங்கள் அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றுவிட்டீர்கள்.

இனி நான் செய்தது.

ஊர் திரும்பிய அன்று வீடு நிறைய ஆள். புது வருடத்துக்கு அகரத்திலிருந்து பெரியப்பா குடும்பத்தோடு வந்திருந்தார். பந்தியில் ஜெனி, ஜீப்பு சேத்துல மாட்டிக்கிச்சு தாத்தா என்று ஆரம்பித்தாள். பெரியப்பா, அப்புறம் எப்படி வெளியே வந்தது, யார் எடுத்தது என்று கேட்டார். அண்ணனின் கை இலையிலேயே நின்றுவிட்டது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அண்ணனின் கையைப் பார்த்தேன்.

"அண்ணன்தான்" என்றேன்.

ஜெனி வாயைத் திறந்தாள். நீங்கள் அவள் இலையில் இன்னொரு துண்டு கறியை வைத்து, பேசாமல் சாப்பிடச் சொன்னீர்கள். பிறகு பெரியப்பாவிடம் ரசம் ஊற்றவா என்று கேட்டீர்கள். குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

பாத்திரம் கழுவும்போது உங்கள் பக்கத்தில் வந்து நின்றேன். நீங்களே சொன்னீர்கள்: "விடு புள்ள. மூணு சுத்து சுத்துனது யாருக்கும் தெரியாதுல்ல. அது போதும் எனக்கு." நான் அதைப் பிடித்துக்கொண்டு தப்பித்துவிட்டேன். மன்னிப்புக் கேட்கவில்லை. அப்புறமும் கேட்கவில்லை.

அந்தப் பொய் வளர்ந்தது, உங்களுக்கே தெரியும். ஜெனி முதல்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்தில், என் கல்யாணத்தில், பெரியப்பா பேரனின் ஞானஸ்நானத்தில் என்று அண்ணன் ஜீப் எடுத்த கதையை யாராவது சொல்லாமல் இருந்ததில்லை. தண்ணீர் இடுப்புக்கு ஏறியது, பிறகு கழுத்துக்கு ஏறியது. அண்ணன் மட்டும் ஒரு தடவையும் அதைச் சொன்னதில்லை. யாராவது ஆரம்பித்தால் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்.

ஐந்தாறு வருடம் கழித்துக் கடைக்கு வேன் வாங்கினார். ஒரு நாள் டிரைவர் வரவில்லை. ரெட்டியார்சத்திரத்தில் ஒருவர் தோட்டத்துக்கு மோட்டார் போயாக வேண்டும், பயிர் காய்கிறது. அண்ணன் அடுப்படிக்கு வந்து சாவியை மேடைமேல் வைத்துவிட்டுப் போனார். நீங்கள் அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பினீர்கள். அதோடு அந்த டிரைவருக்கு வேலை இல்லாமல் போயிற்று. லைசென்ஸ் எடுக்க அண்ணன்தான் கூட வந்தார். எட்டுப் போட்டுக் காட்டச் சொன்னதற்கு நீங்கள் இரண்டு எட்டுப் போட்டீர்களாம். அகரம், தாடிக்கொம்பு, குஜிலியம்பாறை என்று மோட்டாரை ஏற்றிக்கொண்டு நீங்கள் போகாத வரப்பு இல்லை. அதற்கும் சொந்தக்காரர்கள் சொன்னார்கள்: புருசன் ஓட்டக் கற்றுக்கொடுத்தான், பிழைத்துக்கொண்டாள் என்று. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

இப்போது முப்பதாம் நாளுக்கு வருகிறேன். பூசை முடிந்து, கல்லறைக்குப் போய்ச் சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்த பிறகு, வீட்டில் சாப்பாடு. அண்ணன் இரண்டு வாயோடு நிறுத்திவிட்டார். பெரியப்பாவுக்கு இப்போது எண்பது வயது. அண்ணனைத் தேற்ற நினைத்துத்தான் அவர் சொன்னார்: கடல் தண்ணியில மாட்டுன வண்டியவே ஒத்த ஆளா வெளிய எடுத்தவன் நீ, இதுக்கு ஒடஞ்சு போகலாமா என்று. அண்ணன் இந்தத் தடவை எழுந்து போகவில்லை.

"பெரியப்பா, அந்த வண்டிய எடுத்தது நான் இல்ல. அவ" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீதான கூட இருந்த. சொல்லு."

சொன்னேன் மதினி. காற்றைப் பிடுங்கியது முதல் ஓலை நொறுங்கியது வரை, அண்ணன் தண்ணீரில் விழுந்தது உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். பன்னிரண்டு வருடத்துக்கு முன் பொய் சொன்னது நான் என்றும் சொன்னேன். துக்க வீடு என்பதை மறந்து எனக்குக் குரல் ஏறிவிட்டது. கையை ஆட்டி ஆட்டிச் சொல்லியிருக்கிறேன், தெரியவில்லை. பெரியப்பா வாயைத் திறந்தபடி கேட்டார். ஜெனி அழுதுகொண்டே சிரித்தாள். மூன்று சுற்றை மட்டும் சொல்லவில்லை. அது உங்களுடையது என்று விட்டுவிட்டேன்.

எல்லோரும் போன பிறகு அண்ணன் முற்றத்தில் வாடகை நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்காமலே பேசினார்.

"மூணு சுத்து. அத ஏன் விட்டுட்ட?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெரியுமா என்று கேட்டேன்.

"மணல்ல தடம் கெடந்துச்சே. முனியசாமிதான் காட்டுனாரு. கோயிலச் சுத்தி மூணு வட்டம். நின்னு எண்ணினேன்."

அப்படியானால் மதினியிடம் ஏன் ஒரு நாளும் கேட்கவில்லை என்றேன். ஒரு நாற்காலியை எடுத்து வைத்துவிட்டு, "கேட்டா ஆமாம்னு சொல்லுவா. அப்புறம் நான் என்ன சொல்றது?" என்றார். இன்னொரு நாற்காலியை எடுத்தார். பிறகு, "சிரிச்சாளா?" என்று கேட்டார்.

சிரிச்சாக என்றேன். எப்படி என்று கேட்டார். தனக்கு வண்டியின் பின்பக்கம்தான் தெரிந்தது என்றார். வாயைத் திறந்தபடி சிரித்ததை, கூந்தலைத் துப்பியதை, அந்தத் தெற்றுப்பல்லைச் சொன்னேன். அவர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டார்.

அதற்குப் பிறகு இரண்டு தடவை கேட்டுவிட்டார். போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும் வழியில் ஒரு தடவை, நேற்று போனில் ஒரு தடவை. ஜெனிக்கு அன்று கண்ணில் மணல், அவளுக்கு ஒன்றும் நினைவில்லை என்கிறாள். ஆகவே, கடலோரத்தில் வண்டி ஓட்டிக்கொண்டு சிரித்த அந்த முகம் இப்போது என் ஒருத்தியிடம்தான் இருக்கிறது, மதினி. கேட்கும்போதெல்லாம் அண்ணனுக்கு அதைச் சொல்கிறேன். ஒன்றையும் கூட்டுவதில்லை, ஒன்றையும் குறைப்பதில்லை.